திருத்தணி அருகே

மூர் மார்க்கெட் நிலையம்

அரக்கோணம் லோக்கலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று வைத்துக்கொள்வேன். கிடைத்தது. எதிரே உட்கார்ந்தவர் நாளிதழை விரித்தார். மாவட்டப் பக்கம் என் பக்கமாகத் திரும்பியிருந்தது. படிக்காமல் இருக்க முடியவில்லை. இருபத்தாறு வருஷம் அப்படி ஒரு பக்கத்தைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். பொன்னேரி அருகே லாரி கவிழ்ந்தது, ஊத்துக்கோட்டை அருகே மணல் கடத்தல், திருத்தணி அருகே மயில் மீட்பு. 'அருகே' என்ற சொல்லை உருவிவிட்டால் அந்தப் பக்கத்தில் பாதி உதிர்ந்துவிடும்.

நான் போய்க்கொண்டிருந்தது மணவூருக்கு. மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கு நாட்டுச் சர்க்கரை கொண்டுவரும் அம்மாவின் ஊர். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இரண்டு கட்டைப்பையோடு ரயிலேறி வருவார். போன மாதம் காசை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டார்: "சார், நீங்க பேப்பர்ல இருந்தவராமே. எங்களப் பத்தி ஒரு நியூஸ் போட்டா வியாபாரம் கொஞ்சம் எழுந்துக்கும். யாருகிட்ட சொல்லணும்?"

இந்தக் கேள்வியை என்னிடம் நூறு பேராவது கேட்டிருப்பார்கள். எல்லாருக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னேன். இந்தத் தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று தோன்றியது. மார்கழியும் பிறந்திருந்தது.

வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி வரைக்கும் தண்டவாளத்தோரச் சுவர்களில் எழுத்தில்லாத இடமே இல்லை. மனை விற்பனை, பல் மருத்துவம், மூலம், பௌத்திரம், புத்தூர் கட்டு. திருவள்ளூர் தாண்டிய பிறகுதான் சுவர் குறைந்து வயல் தெரிந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது இந்த வழியாகத்தான். கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், அடுத்தது மணவூர். வண்டி நின்ற நேரத்துக்குள் கரும்புச்சோகை எரியும் வாசனை பெட்டிக்குள் வந்துவிட்டது.

மணவூர்

ஆலைக் கொட்டகை என்று சொன்னாலும் நாலு கல்தூணும் தகரக் கூரையும்தான். ஒரு மூலையில் மோட்டாரில் ஓடும் கரும்பு மிஷின், நடுவில் அடுப்பின்மேல் பெரிய கொப்பரை, வெளியே வெயிலில் காயும் சக்கை. அந்தச் சக்கைதான் அடுப்புக்கு விறகு. கரும்பு தன்னைத்தானே காய்ச்சிக்கொள்கிறது என்று அந்த அம்மாவின் வீட்டுக்காரர் சொன்னார். திருவாலங்காட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் இந்தப் பக்கத்துக் கரும்பில் பெரும்பகுதி லாரி ஏறி அங்கே போய்விடுகிறது. இவர்கள் தங்கள் ஒன்றரை ஏக்கரையும் பங்காளியின் ஒரு ஏக்கரையும் வைத்துக் காய்ச்சுகிறார்கள்.

சாறு கொதிக்கத் தொடங்கியதும் சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம் போகிறது. பிறகு வெண்டைத்தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பான நீர். அழுக்கெல்லாம் நுரையாகத் திரண்டு மேலே வர, அம்மா நீளக் கரண்டியால் வழித்து வழித்து வெளியே ஊற்றினார். இரண்டரை மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, "எறக்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்ததுபோல் மூன்று ஆண்கள் ஓடிவந்தார்கள். பாகு மரத்தொட்டிக்குள் விழுந்தது. துடுப்பால் தேய்க்கத் தேய்க்க, கால் மணி நேரத்தில் பொடிந்து சர்க்கரையானது. நூறு கிலோ கரும்புக்கு ஏறக்குறைய பத்துக் கிலோ தேறும்.

சூடான பாகை வாழையிலைக் கிழிசலில் ஊற்றி, நாலு வேர்க்கடலையைப் போட்டுக் கொடுத்தார்கள். மாம்பலத்தில் இதே சர்க்கரையைத்தான் தினமும் காப்பியில் போடுகிறேன். அங்கே அது வெறும் இனிப்பு. இங்கே அதில் புகையும் மண்ணும் லேசாக ஒரு உப்பும் இருந்தன.

பிறகு விஷயத்துக்கு வந்தோம். வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். தலைப்பு: 'சர்க்கரை நோயாளிகளுக்கு நற்செய்தி! நாட்டுச் சர்க்கரை சாப்பிடுங்கள், சர்க்கரை நோயை விரட்டுங்கள்!'

"அண்ணா, இத முதல்ல கிழிச்சிப் போடுங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "எல்லாரும் சொல்றாங்களே சார்."

சொல்கிறார்கள்தான். வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நிறம் மாறினால் குணம் மாறிவிடாது. நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்து மாய நிவாரணச் சட்டம் தடுக்கிறது என்பதையும் சொன்னேன். சட்டத்தைக் கேட்டு அவர் பயந்ததாகத் தெரியவில்லை. "என் மாமனாரே சர்க்கரையாலதான் கால் போய் செத்தாரு" என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னபோதுதான் அவர் தாளை மடித்து இடுப்பில் செருகினார்.

"அப்ப என்னத்தச் சொல்றது? நல்லா இருக்கும்னா?"

அது எல்லாரும் சொல்வது. நான் அந்த அம்மாவிடம், இந்தச் சர்க்கரை ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார். மண்டிக்காரர்களுக்குப் பொன்னிறம் வேண்டும். அந்த நிறத்துக்கு ஹைட்ராஸ் என்கிற பொடியைப் பாகில் தூவ வேண்டும். நாலு வருஷம் முன்னால் வரை இவர்களும் தூவினார்கள். ஒருநாள் டப்பா கவிழ்ந்து மூத்த பெண்ணுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதிலிருந்து விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மண்டியில் இவர்கள் வெல்லத்துக்கு 'அழுக்கு வெல்லம்' என்று பெயர், விலையும் குறைவு. அதனால்தான் கட்டைப்பையோடு மாம்பலம் வரத் தொடங்கினார்.

சேலத்தில் ஓமலூர்ப் பக்கம் வெள்ளைச் சர்க்கரை கலந்த வெல்லத்தை அதிகாரிகள் பறிமுதல் செய்த செய்தியை நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். மூட்டைக் கணக்கு வரும், அதிகாரி பெயர் வரும். தூவாமல் விட்டவர்களைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை. தூவாமல் விட்டது ஒரு சம்பவமாக யாருக்கும் தோன்றாது.

"இதுவா சார் நியூஸ்? இது எங்க வூட்டுக் கஷ்டம்."

வடிவேலம்பாளையம் கமலாத்தாள் பாட்டியைச் சொன்னேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றவர். பல வருஷம் விறகடுப்புப் புகையில் வெந்து விற்றபோது அக்கம்பக்கத்துக்கு மட்டுமே தெரிந்திருந்தார். 2019-இல் ஒரு காணொளி பரவி, ஆனந்த் மஹிந்திரா அதைப் பார்த்துப் பகிர்ந்ததும் நாடு முழுக்கத் தெரிந்தது. காஸ் அடுப்பு வந்தது, 2022 அன்னையர் தினத்தில் புது வீடும் வந்தது. அவர் தன் இட்லி ருசியானது என்று எங்கும் போய்ச் சொல்லவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், அதனால் விலை ஏற்றவில்லை என்றார். அதைக் கேட்டவர்கள் தங்கள் வாயால் நூறு பேருக்குச் சொன்னார்கள்.

கிளம்பும்போது அண்ணனிடம் இன்னொரு கதையும் சொன்னேன். முதலாம் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் படைத்தலைவனாக இருந்த நரலோகவீரன் தொண்டை நாட்டு மணவில்லைச் சேர்ந்தவன். அந்த மணவில் இந்த மணவூர்தான் என்பது அறிஞர்கள் கருத்து. சிதம்பரத்தில் நூற்றுக்கால் மண்டபம் கட்டினான், தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதவைத்தான். செய்தது ஒவ்வொன்றையும் வெண்பாவாகப் பாடவைத்துக் கோயில் சுவரில் வெட்டினான். மணவிற்கூத்தன் என்றுதான் அவனுக்குப் பெயர்.

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "தன் பேரோட ஊர் பேரையும் சேர்த்து வெட்டிட்டானா? கெட்டிக்காரன்."

திருவாலங்காடு

அடுத்த நிறுத்தம் அதுதான். ஷேர் ஆட்டோவில் போனேன். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்துவந்து கூத்தனின் திருவடியில் அமர்ந்த ஊர். ரத்தின சபையில் அன்று கூட்டமில்லை. அர்ச்சகர் தட்டில் கற்பூரத்தைச் சாவகாசமாக ஏற்றினார்.

இந்த ஊரின் புகழ்பெற்ற செப்பேடுகளை நினைத்துக்கொண்டேன். ராஜேந்திர சோழன் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம், 31 ஏடுகள், 1905-இல் கிடைத்தவை. கொடுத்தது ஒரு ஊர். ஆனால் வடமொழிப் பகுதி சூரியனில் தொடங்கி, மனு, சிபி என்று இறங்கி, அப்பன் பாட்டன் வெற்றிகளையெல்லாம் சொல்லித்தான் விஷயத்துக்கு வருகிறது. என் மேசைக்கு வந்த செய்திக்குறிப்புகளில் முக்கால்வாசி இதே முறைதான். கடை முதலாளியின் தாத்தா, அவர் பிறந்த ஊர், திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர்கள், குத்துவிளக்கு ஏற்றியவர்கள். கடையில் என்ன விற்கிறார்கள் என்பது கடைசிப் பத்தியில் இருக்கும். இடம் போதாதபோது நாங்கள் வெட்டுவதும் கடைசிப் பத்தியைத்தான். ராஜேந்திரனுக்கு அந்தக் கவலை இல்லை, ஏடு அவன் ஏடு.

திருத்தணி

மலையடிவாரம் முழுக்க மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழா. வருஷத்தின் நாளுக்கு ஒன்றாக 365 படி, ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு பாட்டு. புத்தாண்டை மலையுச்சியில் முருகனோடு தொடங்குகிறவர்கள் லட்சக்கணக்கில் வருவார்கள்.

டீக்கடையில் என் பழைய நண்பரைப் பார்த்தேன். பகுதிநேர நிருபர். பகுதிநேரம் என்பது சம்பளத்துக்குத்தான், வேலைக்கு இல்லை. வெளியாகும் செய்திக்கு இவ்வளவு என்று கொடுக்கிற காசு பெட்ரோலுக்கே பத்தாது. அதனால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார், திருவிழாச் சிறப்பு மலருக்கு விளம்பரமும் பிடிக்கிறார். "ஒரே ஆளுகிட்ட காலைல செய்தி கேக்கணும், சாயந்திரம் விளம்பரம் கேக்கணும். எந்த வாயால கேக்கறதுன்னு எனக்கே குழப்பம் நைனா." இந்த ஊரில் தமிழுக்குள் நைனா சாதாரணமாக வந்து உட்காரும். 1960 ஏப்ரல் 1 வரை இது ஆந்திர மாநிலம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி இந்தப் பக்கம் இழுத்தார்கள். பேச்சை யாராலும் முழுசாக இழுக்க முடியவில்லை, அது நல்லதுதான்.

மணவூர் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு விரலை மடக்கினார். "செப்டம்பர் 5 ராதாகிருஷ்ணன் பொறந்த நாள், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி, டிசம்பர் 31 படி. இந்த மூணு நாளைக்குத்தான் நாங்க மாநிலச் செய்தி. அன்னிக்கு வெல்லம் கில்லம்னு அனுப்பினா டெஸ்க்ல திட்டுவான். ஆனா ஜனவரி முதல் வாரம் வந்துச்சின்னா அவனே போன் பண்ணுவான், 'பொங்கலுக்கு வெல்லம் தயாரிப்பு தீவிரம்' எங்கப்பான்னு."

சிரித்துவிட்டேன். அந்தத் தலைப்பை இருபத்தாறு வருஷமும் போட்டவன் நான். மண்பானை தயாரிப்பு தீவிரம், மஞ்சள் அறுவடை தீவிரம், வெல்லம் தயாரிப்பு தீவிரம். மார்கழியில் தமிழ்நாடே தீவிரமாக இருக்கும். போன பொங்கலுக்கு எடுத்த படத்தையே மறுபடி போட்ட வருஷங்களும் உண்டு. புதுசாக ஒரு முகமும் ஒரு காரணமும் கிடைத்தால் உதவி ஆசிரியர் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்.

நண்பர் மேலும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அரசு ஆபீஸ் கிடையாது, கலெக்டர் கூட்டம் கிடையாது, அதனால் திங்கள்கிழமைப் பக்கத்தில் இடம் இருக்கும். மதியம் மூன்று மணிக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிட வேண்டும். படத்தில் மூட்டையை அடுக்கி வைத்து முதலாளி கைகட்டி நிற்கக் கூடாது. புகைக்குள் அந்த அம்மா கரண்டியோடு நிற்க வேண்டும். போன் நம்பரை நாளிதழில் போடமாட்டார்கள். நம்பர் வேண்டுமென்றால் விவசாயப் பத்திரிகைதான். பசுமை விகடன் 2007-இல் வந்ததிலிருந்து கட்டுரை முடிவில் 'தொடர்புக்கு' என்று போடுகிறார்கள், அந்த ஒரு வரியால் பிழைத்துக்கொண்ட பண்ணைகள் உண்டு.

"கவர் ஏதாச்சும் தரணுமான்னு அந்த அண்ணன் கேட்டாரா?" என்றார் நண்பர்.

"கேட்டார்."

"வேணாம்னு சொல்லிடு. கவர் குடுத்தா அது அவரோட செய்தி. குடுக்கலன்னாதான் அது என்னோட செய்தி." டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ஆனா ரெண்டு கிலோ சக்கரை காசுக்கு வேணும்" என்றார்.

நகரி, புத்தூர்

திருத்தணியில் ஏறி, பொன்பாடி தாண்டினால் பெயர்ப்பலகைகளில் எழுத்து உருண்டையாகிவிடும். நகரியில் இறங்கி ஓட்டலில் காரம் தோசை கேட்டேன். உள்பக்கம் சிவப்பாக மிளகாய் விழுதைத் தடவி, வேர்க்கடலைச் சட்னியோடு வந்தது. கண்ணில் நீர் வழிய இரண்டாவதும் வாங்கினேன். மேசைமேல் தெலுங்குப் பத்திரிகை ஒன்று கிடந்தது. எழுத்துத் தெரியாது, ஆனால் பார்த்ததுமே தெரிந்தது அது மாவட்டப் பக்கம் என்று. லாரி கவிழ்ந்திருந்தது.

தெலுங்குப் பத்திரிகை என்றதும் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் நினைவுக்கு வந்தார். எங்கள் மயிலாப்பூர் லஸ்ஸில் பூங்காவாக நிற்கிறவர். 1893-இல் பம்பாயில் தலைவலிக்கு ஒரு தைலம் செய்தார், அமிர்தாஞ்சனம். யாருக்கும் தெரியாத சரக்கு. சங்கீதக் கச்சேரிகளுக்குப் போய் வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். கச்சேரியில் தலைவலி வராதா என்ன? இடம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். பேர் பரவிப் பணம் வந்ததும் 1908-இல் அங்கேயே ஆந்திர பத்திரிகா என்று வார இதழ் தொடங்கினார். 1914-இல் சென்னைக்கு வந்து அதை நாளிதழாக்கினார். ஒரு செய்திக்காக நிருபரைத் தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தைலக்காரர் பத்திரிகையையே தொடங்கிவிட்டார். அதில் தைலத்தைவிடத் தெலுங்கு மக்களின் அரசியல்தான் அதிகம் வந்தது என்பது அவருடைய பெருந்தன்மை.

புத்தூருக்கு நான் வருவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தபோது வயது பத்து. கொய்யா மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு போயிருந்தது. அப்பா ராத்திரி வண்டியில் கூட்டிவந்தார். பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, துணி. கட்டியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ரயில் நிலையத்தில் இறங்கியபோது நாங்கள் எதுவுமே கேட்கவில்லை. கையைப் பார்த்த ஜட்காக்காரரே ஏற்றிக்கொண்டு போனார். அந்த வண்டிக்காரரைவிடப் பெரிய விளம்பரம் வேறெது?

இப்போதும் ஊருக்கு வெளியே கட்டுக்கட்டும் இடத்தில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஒரு பெரியவர் வேலூரிலிருந்து வந்திருந்தார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "சம்பந்தி." சம்பந்திக்கு? "அவரு ஊர்ல ஒரு கண்டக்டர்." எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்டதற்குப் பையிலிருந்து உருவிக் காட்டினார். சிக்கலான முறிவு என்றால் ஆஸ்பத்திரிக்கே போங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாயால் பரவிய பெயருக்கு இப்போது சொந்தக்காரர் யார் என்பதுதான் சங்கடம். ஆவடிச் சுவரில் நான் காலையில் பார்த்த 'புத்தூர் கட்டு'க்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு என்று யாரால் சொல்ல முடியும்? தெருவுக்குத் தெரு அந்தப் பலகை இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் புத்தூரைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

மாம்பலம்

திரும்பும் வண்டியில் மணவூரைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. கொட்டகை இருக்கும் திசையில் அடுப்பு வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

ஜனவரி முதல் திங்கட்கிழமை செய்தி வந்தது. மூன்று பத்தி, ஒரு படம். புகைக்குள் கரண்டியோடு அந்த அம்மா. ஹைட்ராஸ் கதை இருந்தது. தலைப்பில் மட்டும் 'தீவிரம்' போகவில்லை. பழைய வழக்கம், எனக்குக் கோபம் வரவில்லை.

பொங்கல் கழிந்து அவர் வந்தபோது கட்டைப்பை நாலாகியிருந்தது. திருத்தணியில் நண்பரின் கடைக்கே ஆட்கள் போய் நம்பர் வாங்கியிருக்கிறார்கள். வந்த போன்களையெல்லாம் மூத்த பெண் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். ஒருவர் தினமும் இருநூறு கிலோ வேண்டும் என்றாராம். "எங்க கொப்பரையில அவ்ளோ ஆகாதுன்னு சொன்னேன் சார். அப்ப நாங்க எங்கயாச்சும் வாங்கி உங்க பேர்ல விக்கறோம், படத்தையும் போட்டுக்கறோம்னான். போனை வெச்சிட்டேன்." பாதிப் பேர் கேட்டது அதே கேள்வியைத்தான்: சுகர்காரர்கள் சாப்பிடலாமா? கூடாது என்று பெண் சொன்னாளாம். அப்படிச் சொன்னதாலேயே சிலர் வாங்கினார்களாம்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார்" என்று பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தக் கத்தரித்த செய்தியை எடுத்துக் காட்டினார். முதல் வரி 'திருத்தணி அருகே' என்று தொடங்கியது. மேலிருந்து கீழே வரை தேடினேன். மணவூர் என்ற பெயர் எங்கும் இல்லை. என் மேசையில் நானே எத்தனை ஊர்களை அப்படி வெட்டியிருப்பேன்.

'திருத்தணி அருகே' என்பதற்கு மேலே, நீல பால்பாயின்ட்டில், ஒரு கூட்டல் குறி போட்டு, 'மணவூர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"அவருதான் எழுதினாரு" என்றார் அம்மா. "கண்ணாடி போட்டு ஆலைல மாட்டணுமாம். சிமென்ட்டுல வெட்டிடலாமான்னும் கேக்கறாரு."